எந்தச் சாஃப்ட்வேர் என்று கேட்ட தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சர்வீஸ் கடையோடு டேட்டா ரெக்கவரியும் சேர்த்துச் செய்யப் போகிறாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. "எந்த ரெக்கவரி சாஃப்ட்வேர் வாங்கலாம் அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்கிறேன். ஆனால் அது கடிதத்தின் நடுவில்தான் வரும். அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியதும் பின்னால் செய்ய வேண்டியதும் அதைவிட முக்கியம்.

ஒரு கோப்பை டெலீட் செய்தால் கணினி பெரும்பாலும் அந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் பட்டாதாரர் பெயரை அடித்துவிட்டு 'இடம் காலி' என்று எழுதிவைப்பது போலத்தான் அது. நிலம் அங்கேயே கிடக்கும், வேறொருவர் வந்து வீடு கட்டும் வரை. பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் இருக்கும் பழைய ஃபேட் முறையில், கோப்புப் பெயரின் முதல் எழுத்து போய் அந்த இடத்தில் ஒரு குறி வந்து உட்காரும். 1991-இல் வந்த எம்.எஸ். டாஸ் 5-இன் அன்டெலீட் கட்டளை, கோப்பை மீட்கும்போது முதல் எழுத்து என்னவென்று நம்மையே கேட்டது அதனால்தான். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் கோப்பின் பதிவு அப்படியே இருக்கும். 'பயன்பாட்டில் இல்லை' என்று அடையாளம் மட்டும் மாறும். 1982 வாக்கில் பீட்டர் நார்ட்டன் எழுதிய அன்இரேஸ் நிரல் தொடங்கி இன்று விற்கும் ரெக்கவரி சாஃப்ட்வேர் வரை எல்லாமே இந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன.

ஆகவே முதல் பாடம், கையை எடுப்பது. போனில் ஒருவர் பதறினால் நீ சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "அந்த மெஷின்ல இனிமேல் எதுவும் பண்ணாதீங்க." பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கச் சொல். கேமரா கார்டு என்றால் வெளியே எடுத்து வைக்கச் சொல். அழிந்தது சி டிரைவில் இருக்க, மீட்கும் சாஃப்ட்வேரை அதே சி டிரைவில் இறக்கி நிறுவுபவர்கள் ஏராளம். இறக்கும் ஒவ்வொரு மெகாபைட்டும் தேடுகிற கோப்பின் மேலேயே போய் விழலாம். சும்மா பிரவுசரைத் திறந்து வைத்திருந்தாலும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது, டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் ஆளிடம் விசாரி. ரீசைக்கிள் பின்னைப் பார்த்தாரா? கூகுள் டிரைவின் டிராஷில் 30 நாள் வரை கிடக்குமே, பார்த்தாரா? தொலைந்தது டேலி கணக்கு என்றால், ஆடிட்டருக்கு அதை மெயிலில் அனுப்பியிருக்கிறாரா? கல்யாணப் படங்களில் பாதியாவது ஆல்பம் டிசைன் செய்பவரிடம் போயிருக்குமா? மாப்பிள்ளை வீட்டாரின் வாட்ஸப்பில் இருக்குமா? இந்தக் கேள்விகளிலேயே முடிந்துபோகும் வேலைகள் நிறைய. அதற்குக் கொஞ்சமாகப் பணம் வாங்கிக்கொள், கூச்சப்படாதே. யோசித்ததற்கும் கூலி உண்டு.

மூன்றாவது, என்ன பொருள் என்று பார். இதில்தான் நம் தொழில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. சுழலும் ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், கேமரா கார்டு ஆகியவற்றில் நான் மேலே சொன்ன கணக்கு பெரும்பாலும் செல்லும். எஸ்.எஸ்.டி.யில் செல்லாது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல், கோப்பை அழித்ததும் 'இந்த இடங்கள் இனி தேவையில்லை' என்று கணினி எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லிவிடும். டிரிம் என்று அதற்குப் பெயர். அதன்பின் அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் சுழியம்தான் வரும். எந்தச் சாஃப்ட்வேரும் அதைத் தாண்ட முடியாது. இன்று விற்கிற லேப்டாப்புகளில் இருப்பது பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. என்பதை நினைவில் வை. செல்போன் இன்னும் கறார். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்கள் முதல் உள் சேமிப்பு முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். கோப்பு போனால் அதைத் திறக்கும் சாவியும் போகும். 'அழிந்த போட்டோ அனைத்தும் மீட்பு' என்று கூவும் ஆப்கள் பெரும்பாலும் காட்டுவது எங்கோ தங்கிவிட்ட சிறுபடங்களைத்தான். விண்டோஸ் லேப்டாப் வந்தால் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று முதலிலேயே கேள். போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றிப் பயனில்லை.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சாஃப்ட்வேரை ஓட்டுவதற்கு முன் டிஸ்க்கை இமேஜ் எடு. முழு டிஸ்க்கையும் பிட் பிட்டாக நகலெடுத்து, அசலை உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டு, நகலில் வேலை செய். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே எழுதப்பட்ட இலவச நிரல். நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை படித்தது என்று ஒரு கோப்பில் குறித்துவைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீட்ட கோப்புகளை எப்போதும் வேறொரு டிஸ்க்கில் சேமி.

சாஃப்ட்வேர்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள். பதிவேட்டில் மிச்சமிருப்பதைப் படித்துப் பெயரோடும் ஃபோல்டரோடும் எடுத்துத் தருவது ஒரு வகை. எளிய வேலைக்கு ரெகுவா போதும். மைக்ரோசாஃப்ட்டே 2020-இல் கட்டளை வரியில் ஓடும் ஓர் இலவச மீட்பு நிரலை வெளியிட்டது. பார்ட்டிஷனே காணாமல் போனால் டெஸ்ட்டிஸ்க். பதிவேடு முழுக்கச் சிதைந்த டிஸ்க்கில், கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தோண்டி எடுப்பது இன்னொரு வகை. டெஸ்ட்டிஸ்க்கை எழுதிய கிறிஸ்தோஃப் கிரெனியேவின் போட்டோரெக் அந்த வகை, அதுவும் இலவசம். அதில் பெயர் வராது, ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களாக வந்து விழும். துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் திறக்காது. வீடியோகிராபர்களிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடு. இலவச நிரல்களில் கை பழகி, எங்கே அவை தோற்கின்றன என்று உனக்கே தெரிந்த பிறகு ஆர்-ஸ்டூடியோ போன்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்கு. டிரையல் பதிப்பு எதுவானாலும் கோப்புகளின் பட்டியலை நம்பாதே. பட்டியலில் பெயர் இருப்பதும் கோப்பு திறப்பதும் வேறு வேறு. பிரிவியூ திறக்கிறதா என்று பார்த்த பிறகே காசு. கிராக் செய்த பதிப்பைக் கடைக்குள் விடாதே. அடுத்தவர் டேட்டா இருக்கும் மெஷினில் யார் எழுதியதென்று தெரியாத நிரலை ஓட்டுவது மன்னிக்க முடியாத காரியம்.

டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் சாஃப்ட்வேர் பேச்சே வேண்டாம். படிக்கும் ஹெட்டுக்கும் சுழலும் தட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. கெட்டுப்போன ஹெட் ஒவ்வொரு சுற்றிலும் தட்டைச் சுரண்டலாம். உடனே அணை. மேசை மேல் வைத்துத் திறக்காதே, ஃப்ரீசரில் வைக்காதே. வெள்ளத் தண்ணீரில் நனைந்த டிஸ்க்குக்கும் அதே விதி. பவர் கொடுக்காமல் அனுப்பு. தூசியற்ற அறை வைத்திருக்கும் லேப் ஒன்றின் தொடர்பை இப்போதே ஏற்படுத்திக்கொள். "இது என்னால ஆகாது, அங்க கொண்டுபோங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர் திரும்பவும் உன் கடைக்குத்தான் வருவார்.

'ஆகாது' என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் கடினமான வேலை. எதிரே ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரையையோ இறந்துபோன அப்பாவின் படத்தையோ தொலைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். "எப்படியாவது எடுத்துக் குடும்மா, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்பார். அந்த 'எவ்வளவு ஆனாலும்' என்ற சொல்லில் கெட்டுப்போனவர்கள் நம் தொழிலில் உண்டு. டிரிம் ஆன எஸ்.எஸ்.டி. என்று உனக்குத் தெரிந்த பின்னும் 'ட்ரை பண்றேன்' என்று ஒரு வாரம் வைத்திருந்து ஆய்வுக் கட்டணம் வாங்குவது திருட்டு. பார்க்கும் கூலி எவ்வளவு, கிடைத்தால் எவ்வளவு, கிடைக்காவிட்டால் என்ன என்று மூன்றையும் டிஸ்க்கை வாங்கும்போதே எழுதிக் கொடு.

இன்னொன்று, மீட்டவை சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சிலவற்றைத் திறந்துதான் ஆக வேண்டும். எவற்றைத் திறக்கலாம் என்று அவரிடமே கேள், அவர் பக்கத்தில் இருக்கும்போதே திற. ஹாங்காங்கில் ஒரு நடிகர் பழுதுபார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து அந்தரங்கப் படங்களை டெக்னீஷியன் நகலெடுக்க, 2008-இல் அவை இணையம் முழுக்கப் பரவின. பலருடைய வாழ்க்கை சிதைந்தது. டெக்னீஷியன் 2009-இல் சிறைக்குப் போனார். நம் நாட்டிலும் அனுமதியில்லாமல் நகலெடுத்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. சட்டம் இருக்கட்டும், தன் போனை, லேப்டாப்பை வேறு கடையில் கொடுக்கத் தயங்கி உன்னைத் தேடிப் பெண்கள் வருவார்கள். அந்த நம்பிக்கைதான் உன் முதல். டெலிவரி கொடுத்து, அவர் சரிபார்த்ததும் உன்னிடமிருக்கும் நகலை அவர் கண் முன்னால் அழித்துக் காட்டு. வெறும் டெலீட் போதாது, மேலே எழுதி அழி. ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ரெக்கவரி நல்லதா, பேக்கப் நல்லதா என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், ஏதோ இரண்டில் ஒன்றை வாங்கினால் போதும் என்பது போல. ரெக்கவரியில் முடிவு நம் கையில் இல்லை. எவ்வளவு நேரம் கழித்து வந்தார், நடுவில் என்ன எழுதப்பட்டது, எந்த வகை டிஸ்க் என்பதெல்லாம் நம்மிடம் வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. பேக்கப்பில் முடிவு முழுக்க அவர் கையில். எஸ்.எஸ்.டி.யும் குறியாக்கமும் பரவப் பரவ, நம்மால் எடுக்க முடிந்தவை ஆண்டுக்கு ஆண்டு குறையும். சாஃப்ட்வேரை மட்டும் நம்பிக் கடை போட்டால் உன் கடையும் அதோடு குறையும்.

ஆகவே பேக்கப்பை விற்கக் கற்றுக்கொள். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி போதும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். ஒரு ஸ்டூடியோவுக்கு இது பெரிய செலவல்ல. லேப்டாப்பில் ஒன்று, கடையில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, வீட்டிலோ கிளவுடிலோ ஒன்று. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வைக்கச் சொல். ரான்சம்வேர் வந்தால் செருகியிருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் சின்க் ஆகிறதே என்பார்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை அழித்தே காட்டு. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் வைக்கும் ரெய்டும் பேக்கப் இல்லை. பெட்டி எரிந்தால் இரண்டும் எரியும்.

பெரிய இடங்களே இதில் சறுக்குகின்றன. தென்கொரியாவின் தேஜோனில் அரசுத் தரவு மையம் 2025 செப்டம்பரில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் எரிந்து 858 டெராபைட் போனது. அளவு பெரிது என்பதால் வெளியே பிரதி எடுக்கவில்லை. கிட்லேப் நிறுவனத்தின் கதை இன்னும் பாடமானது. 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, சுமார் 300 ஜிபி தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தினசரி பேக்கப், நிரலின் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதாக வந்த மெயில்கள் பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். அழித்தவரைக் குறை சொல்லி அவர்கள் ஒளியவில்லை. நடந்ததை எல்லாம் வெளியில் எழுதிவைத்தார்கள். அதைத் தேடிப் படி.

பேக்கப் எடுப்பது பாதி வேலைதான். அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்க்காத வரை அது இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. உன் கடையில் ரெக்கவரி முடித்துப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு பேக்கப் அமைத்துக் கொடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறு மெஷினில் திறந்து காட்டும் வேலையைச் சிறிய சந்தாவாக வை. மாதாமாதம் வரும் அந்த வருமானம், எப்போதோ வரும் ஒரு பெரிய ரெக்கவரியைவிட உன் வாடகையை ஒழுங்காகக் கட்டும்.

கடை திறப்பதற்கு முன் உனக்கு ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை உன் சொந்த லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, உன் பேக்கப்பிலிருந்து மட்டும் உன் கல்லூரிச் சான்றிதழ்களையும் வீட்டுப் படங்களையும் இன்னொரு மெஷினில் திறந்து பார். திறக்கவில்லை என்றால், அல்லது பேக்கப்பே இல்லை என்றால், திறப்பு விழாவை ஒரு வாரம் தள்ளி வை. எல்லாம் திறந்த பிறகு எனக்கு ஒரு அழைப்பிதழ் அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்