அரைத்த பொடியும் அளந்த காரமும்

தீபாவளி நெருங்கும்போது கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ், சிங்கப்பூரின் தேக்கா ஆகிய இடங்களில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் சீயக்காய்க்குத் தேவை கூடிவிடும். ஆண்டு முழுவதும் ஷாம்பு பயன்படுத்தும் குடும்பங்கள்கூட, அந்த ஒரு நாள் காலையில் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பதை விடுவதில்லை. அண்மைக் காலமாக இந்தப் பழக்கம் மற்ற நாள்களுக்கும் பரவி வருகிறது. குளியல் பொடி, முகப்பூச்சு, கூந்தல் தைலம், சவர்க்காரம் எனப் பலவற்றை வீட்டிலேயே செய்து பார்க்க இளையர்கள் ஆர்வம் காட்டுகின்றனர். அவர்களில் பலருக்குக் கைப்பேசிக் காணொளிகளே வழிகாட்டி. ‘இயற்கையானது, ஆகவே தீங்கற்றது’ என்ற பேச்சு அந்தக் காணொளிகளில் அடிக்கடி ஒலிக்கிறது. ஒரு பொருளை ஏன் சேர்க்க வேண்டும், செய்து முடித்தது எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதற்கு மட்டும் விடை கிடைப்பது அரிது. அந்த விடைகள் தெரியாமல் அடுப்பங்கரையில் இறங்குவது நல்லதன்று.

முதலில் சீயக்காயையே எடுத்துக்கொள்வோம். இது முட்கள் நிறைந்த ஒரு கொடியின் காய். இதன் காய்ந்த நெற்றுகளில் சபோனின் என்னும் பொருள் உள்ளது. சபோனின் மூலக்கூறின் ஒரு பகுதி நீரோடு ஒட்டும். மற்றொரு பகுதி எண்ணெயோடு ஒட்டும். இதனால் தலையில் படிந்த எண்ணெயும் அழுக்கும் நீரோடு கலந்து வெளியேறுகின்றன. பூந்திக்கொட்டையின் தோலிலும் இதே பொருள்தான் வேலை செய்கிறது. சீயக்காய் ஷாம்புவைப் போல் பொங்கி நுரைக்காது. நுரை குறைவாக இருப்பதால் அழுக்கு போகவில்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் நுரையின் அளவுக்கும் தூய்மைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சபோனின் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். அதனால்தான் சிறுவர்களுக்குச் சீயக்காய் தேய்க்கும்போது தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்வார்கள்.

இங்கே ஷாம்பு என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடலாம். அது ஆங்கிலத்துக்கு இந்தி மொழியிலிருந்து சென்றது. அழுத்திப் பிடித்துவிடுதல் என்பதே அதன் பழைய பொருள். இந்தியாவிலிருந்து இங்கிலாந்து சென்று பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலகம் நடத்திய சேக் தீன் முகமது, 1822இல் ‘ஷாம்பூயிங்’ பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அது உடலைப் பிடித்துவிடுவதைப் பற்றிய நூல். தலைமுடியைக் கழுவுதல் என்ற பொருள் அச்சொல்லுக்குப் பின்னரே வந்தது.

சீயக்காய் தலைக்கு என்றால், உடலுக்கு நலங்குமாவு. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ் ஆகியவை இதில் பொதுவாகச் சேரும். குடும்பத்துக்குக் குடும்பம் பட்டியல் மாறும். பயறு மாவு தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை உறிஞ்சும். மற்றவற்றில் பெரும்பாலானவை மணத்துக்காகச் சேர்பவை. சமையல் மஞ்சளைப் போல் கஸ்தூரி மஞ்சள் தோலில் அழுத்தமாகக் கறைபடியச் செய்யாது. ஆகவே, இரண்டையும் ஒன்றென நினைத்து மாற்றிப் போட்டுவிட்டு, மஞ்சள் முகத்தோடு பள்ளிக்குச் செல்ல நேரிடக்கூடாது.

பொருள்களின் பட்டியலைவிடச் செய்முறையே இங்கு முக்கியம். ஒவ்வொன்றையும் வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். கையால் ஒடித்தால் மொறுமொறுவென்று முறிய வேண்டும். பிறகு அரைத்து, மெல்லிய துணியிலோ சல்லடையிலோ சலிக்க வேண்டும். சலிக்காத பொடியில் தங்கும் சிறு திப்பிகள் தோலைக் கீறும். அரைத்த சூடு ஆறிய பின்னரே புட்டியில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் வியர்த்துவிடும். குளிக்கும்போது தேவையான அளவு பொடியை மட்டும், ஈரமில்லாத கரண்டியால் எடுத்துக் குழைத்துக்கொள்ள வேண்டும். குழைத்ததில் மீந்ததை எடுத்து வைக்கக்கூடாது.

ஈரக் கையைப் புட்டிக்குள் விட்டால் பாட்டிமார் கோபித்துக்கொள்வது வெறும் கண்டிப்பன்று. பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர நீர் தேவை. நன்கு காய்ந்த பொடியில் அவற்றால் பெருக முடியாது. அதே பொடியில் நீர் சேர்ந்துவிட்டால் மாவும் புரதமும் அவற்றுக்கு உணவாகிவிடும். பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாத காலத்தில், பொருளை உலர்ந்த நிலையில் வைத்திருப்பதே அதைக் காக்கும் வழியாக இருந்தது. பழைய செய்முறைகள் பலவும் பொடியாகவோ தனி எண்ணெயாகவோ இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எண்ணெயில் ஊறவைத்துச் செய்யும் தைலங்களிலும் இலையின் ஈரம் முழுவதும் வற்றும்வரை காய்ச்சுவார்கள். சடசடவென்ற ஓசை அடங்கினால் ஈரம் வற்றிவிட்டது என்று பொருள்.

இன்றைய காணொளிகளில் வரும் கற்றாழைக் களி, ரோஜா நீர்த் தெளிப்பு, தயிர் சேர்த்த முகப்பூச்சு ஆகியவற்றின் சிக்கலும் இதுதான். இவை எல்லாவற்றிலும் நீர் இருக்கிறது. கடையில் விற்கும் பசைகளில் கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டில் செய்தவற்றில் அவை இல்லை. சிலர் வைட்டமின் ஈ எண்ணெயை ஊற்றிவிட்டு இனிக் கெடாது என்று நம்புகிறார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தாமதப்படுத்துமே தவிர, கிருமிகளைக் கொல்லாது. கெட்டுப்போன பசை எப்போதும் நாறும் என்றும் சொல்ல முடியாது. பார்வைக்குத் தெளிவாக இருக்கும் நீரிலும் கிருமிகள் பெருகியிருக்கலாம். ஆகவே, நீர் கலந்த எதையும் அன்றன்றைக்குச் செய்து பயன்படுத்திவிடுவதே பாதுகாப்பு. கற்றாழையை வெட்டியதும் மடலைச் சற்று நேரம் நிமிர்த்தி வைத்து, வடியும் மஞ்சள் நிறப் பாலை ஒதுக்கிவிட வேண்டும். தோலில் அரிப்பை ஏற்படுத்தக்கூடியது அந்தப் பால்தான்.

மலாய்க்காரர்களின் ‘பெடாக் செஜுக்’ இதே அறிவை வேறொரு வழியில் காட்டுகிறது. குளிர்ப்பொடி என்பது அதன் பொருள். அரிசியைப் பல நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே வருவார்கள். அரிசி புளித்துக் கரைந்து குழைந்துவிடும். ஊறும் காலத்தில் அதன் வாடை எவரையும் மூக்கைப் பிடிக்க வைக்கும். பின்னர் அதை அரைத்துக் கழுவி, படியும் வெண்ணிற மாவைச் சிறு சிறு துளிகளாகச் சொட்டவிட்டு வெயிலில் காயவைப்பார்கள். மணத்துக்குப் பண்டான் இலையோ மலர்களோ சேர்ப்பதுண்டு. காய்ந்த துளிகளில் இரண்டு மூன்றை உள்ளங்கையில் வைத்து நீர் விட்டுக் குழைத்து முகத்தில் பூசுவார்கள். நொதித்தலுக்கு நீரைப் பயன்படுத்திவிட்டு, சேமிக்கும் முன் அந்த நீரை முழுமையாக நீக்கிவிடுவதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது.

சவர்க்காரத்தின் கதை வேறு. பொடியை அரைப்பது கலக்கும் வேலை. சவர்க்காரம் செய்வது ஒரு பொருளை வேறொரு பொருளாக மாற்றும் வேலை. எண்ணெயும் எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடும் வினைபுரிந்தால் சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகின்றன. மக்கள் சாம்பல் காரத்தையும் கொழுப்பையும் காய்ச்சி நெடுங்காலமாகச் சவர்க்காரம் செய்துவந்தாலும், உள்ளே நடப்பது என்ன என்பது பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரலின் ஆய்வுகளால்தான் தெளிவாயிற்று. விலங்குக் கொழுப்புகளைப் பற்றிய அவரது நூல் 1823இல் வெளிவந்தது.

இந்த வினைக்கு வேண்டிய எண்ணெய்களுள் ஒன்று மலேசியாவுக்கு நன்கு அறிமுகமானது. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது. பெயரோ தென்னைமரம், நட்டதோ செம்பனை! இன்று கடைச் சவர்க்காரத்தின் உறையில் ‘சோடியம் பால்மேட்’ என்று அச்சிட்டிருந்தால், அது செம்பனை எண்ணெயும் எரிசோடாவும் சேர்ந்து உண்டானது என்று பொருள்.

‘எரிசோடா சேர்க்காத இயற்கைச் சவர்க்காரம்’ என்று சிலர் விளம்பரம் செய்கின்றனர். கட்டிச் சவர்க்காரம் எரிசோடா இல்லாமல் உருவாவதில்லை. உருக்கி ஊற்றும் சவர்க்காரக் கட்டியை வாங்கி, நிறமும் மணமும் சேர்த்து வார்ப்பவர்கள் எரிசோடாவைத் தொடுவதில்லை என்பது உண்மை. ஆனால், அந்த வேலையைத் தொழிற்சாலை முன்பே முடித்துக் கொடுத்திருக்கும். மாணவர்கள் தொடங்குவதற்கு ஏற்ற வழியும் அதுவே.

எண்ணெயிலிருந்தே தொடங்குவதானால் அளவு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். 100 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சவர்க்காரமாக ஏறத்தாழ 18.3 கிராம் எரிசோடா வேண்டும். அதே அளவு செம்பனை எண்ணெய்க்கு ஏறத்தாழ 14.2 கிராம் போதும். வீட்டில் தேங்காய் எண்ணெய் இல்லை என்று, எரிசோடாவின் அளவை மாற்றாமல் செம்பனை எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு 100 கிராமுக்கும் சுமார் 4 கிராம் எரிசோடா வினைபுரியாமல் மிஞ்சும். அந்தக் கட்டி பார்க்க அழகாக இருக்கலாம்; தேய்த்தால் தோலைப் புண்ணாக்கும். இதைத் தவிர்க்கவே அனுபவமுள்ளவர்கள் கணக்கிட்ட அளவில் 5 விழுக்காடு எரிசோடாவைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறிது எண்ணெய் மீந்தால் தோலுக்குக் கேடில்லை. சமையல் கரண்டியால் அளப்பது இங்கு உதவாது. எடை பார்க்கும் மின்னணுத் தராசு கட்டாயம் வேண்டும்.

எரிசோடாவை நீரில் கரைக்கும்போது கலவை சில நிமிடங்களில் மிகவும் சூடேறும். எரிசோடாவைத்தான் நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். எரிசோடாவின் மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது. எரிசோடா அலுமினியத்தை அரிக்கும். அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியாகும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும். தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல், ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்கி, குறைந்தது 15 நிமிடமாவது கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அச்சில் ஊற்றிய சவர்க்காரம் ஓரிரு நாளில் கட்டியானாலும், 4 முதல் 6 வாரம் காற்றில் ஆறவிட்ட பிறகே பயன்படுத்துவது வழக்கம். அதற்குள் நீர் வற்றிக் கட்டி இறுகிவிடும்.

முறையாகச் செய்த சவர்க்காரமும் காரத்தன்மை உடையதே. அதன் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருக்கும். மனிதத் தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ 5 என்னும் அளவில் சற்று அமிலத்தன்மை கொண்டது. இதனால், வறண்ட தோல் உடையவர்களுக்குச் சவர்க்காரத்தைவிடப் பயறு மாவு இதமாக இருக்கலாம். மறுபுறம், எலுமிச்சைச் சாற்றின் அளவு சுமார் 2. அதை நேரடியாக முகத்தில் தேய்ப்பது தோலின் இயல்பிலிருந்து வெகுதூரம் விலகிச் செல்வதாகும்.

எலுமிச்சையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. எலுமிச்சை வகைகளின் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருள்கள், தோலில் பட்டபின் வெயில் பட்டால் கொப்புளத்தையும் கருந்திட்டுகளையும் உண்டாக்கக்கூடும். முகம் வெளுக்க வேண்டும் என்று பூசியவருக்கு முகம் கறுத்துப்போவது இப்படித்தான். நலங்குமாவில் சிலர் சேர்க்கும் கார்போகரிசியிலும் வெயிலோடு வினைபுரியும் இத்தகைய பொருள் உள்ளது. வெயில் சுடும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவற்றைத் தவிர்த்துவிடுவதே நலம். முகம் வெளுக்க வேண்டும் என்ற ஆசையே தேவைதானா என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

எந்தப் புதிய பொருளையும் முகத்தில் பூசும் முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, இரண்டு நாள் கவனிக்க வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் அது அவருக்கு ஒவ்வாது. தங்கைக்கு ஒத்துக்கொண்டது அக்காளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோல் நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளிகளில் நடைபெறும் தொழில்முனைவோர் நாளில் மாணவர்கள் தாங்கள் செய்த சவர்க்காரத்தையும் குளியல் பொடியையும் விற்க விரும்புவது இயல்பு. வீட்டில் பயன்படுத்துவது வேறு. பிறருக்கு விற்பது வேறு. மலேசியாவில் அழகுப் பொருள்களைச் சந்தையில் விற்கும் முன் தேசிய மருந்தியல் ஒழுங்குமுறை நிறுவனத்திடமும், சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்திடமும் அவற்றைப் பற்றி முறைப்படி தெரிவிக்க வேண்டும். ஆகவே, விற்பனையைத் திட்டமிடும் குழு ஆசிரியருடன் சேர்ந்து இந்த விதிகளை முதலில் படித்தறிவது முறை. உறையின் மேல் ‘இயற்கை’ என்று பெரிய எழுத்தில் எழுதுவதற்கு முன், உள்ளே இருக்கும் பொருள்கள், எடை, தயாரித்த தேதி, பயன்படுத்தும் முறை ஆகியவற்றைத் தெளிவாக எழுதப் பழகிக்கொள்ளலாம். பயறு ஒவ்வாத ஒருவர் அந்தப் பட்டியலைப் படித்துத்தான் பொட்டலத்தை வாங்குவதா, திரும்ப வைப்பதா என்று முடிவு செய்வார்.