பிள்ளைக்குப் பழைய சாமான்: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டிய பாடம்



ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் செலவு வரிசையாக வந்து நிற்கும். கட்டில், மெத்தை, தள்ளுவண்டி, காரில் பொருத்தும் ஆசனம், சட்டை, விளையாட்டுச் சாமான் என்று பட்டியல் நீளும். இவற்றில் பல ஆறு மாதமோ ஒரு வருஷமோதான் உபயோகப்படும். பிள்ளை வளர்ந்துவிடும், சாமான் மட்டும் புதுமை மாறாமல் மூலையில் கிடக்கும். ஆகவே ஒரு வீட்டில் பயன்பட்டதை இன்னொரு வீட்டார் வாங்குவது நல்ல சிக்கனமே.

பழையதை வாங்கினால் ஜமாஅத்தார் என்ன நினைப்பார்களோ என்று நம்மில் சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்திற்கு இடமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் உடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள், தம் செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வீண் விரயம் செய்வோரை ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் (17:27) கண்டிக்கிறது. ஆனால் பழைய சாமானை வாங்குவதிலும் விற்பதிலும் மார்க்கச் சட்டம் உண்டு. பிள்ளையின் உயிரைப் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. இரண்டையும் வகைப்படுத்திப் பார்ப்போம்.

முதல் பாடம்: சுத்தம்

பண்டல் கடையிலோ, பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ வாங்கிய சட்டையை யார் உடுத்தினார்களோ, அது சுத்தமோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது பிக்ஹுச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. துணியின் அசல் நிலை சுத்தமே. நஜீஸைக் கண்ணால் கண்டாலன்றி, முன்பு உடுத்தியவர் எம்மதத்தவராயினும் அதை நஜீஸ் என்று சொல்ல முடியாது. துவைத்து உடுத்துவது நன்று. அது பிள்ளையின் தேக நலத்துக்கும் அவசியம்.

தோல் சாமானில் மட்டும் கவனம் வேண்டும். பன்றித் தோலும் நாய்த் தோலும் பதனிட்டாலும் சுத்தமாகா என்பது நம் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். புதுச் சப்பாத்தில் அட்டை இருக்கும், விவரம் இருக்கும். பழைய சப்பாத்தில் இரண்டும் இரா. உள்பக்கத் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிர்க்குழிகள் மும்மூன்றாகக் கூடி நின்றால் அது பன்றித் தோலின் அடையாளம். அறியாமல் ஈரக் கையால் தொட்டுவிட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும்.

இரண்டாம் பாடம்: அய்பு

இது வியாபாரிகளாகிய நமக்கே உரிய பாடம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிம் என்னும் ஹதீது நூலில் வரும் இந்தச் செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த நனைந்த தானியத்தின் இடத்தில் இன்று சக்கரம் ஆடும் தள்ளுவண்டியை வைத்துப் பாருங்கள். சட்டம் ஒன்றே.

நம் கடை ரசீதுகளில் "விற்ற சரக்கு வாபஸ் இல்லை" என்று அச்சிடுகிறோம். அதோடு பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஷாபிஈ மத்ஹபின் பலமான சொல் வேறு. எந்த அய்புக்கும் நான் பொறுப்பல்ல என்று நிபந்தனையிட்டு விற்றாலும், விற்பவர் விடுபடுவது உயிருள்ள பிராணியில் தமக்குத் தெரியாத உள் அய்பு ஒன்றிலிருந்து மட்டுமே. கட்டிலும் வண்டியும் பிராணியல்ல. ஆதலால் மறைந்திருந்த அய்பு பின்னர் தெரியவந்தால் வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு.

வாங்கியவருக்கும் கடமை உண்டு. அய்பைக் கண்டவுடன் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். கண்ட பிறகும் உபயோகித்துக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். முன்பே சொல்லி, காட்டி, சம்மதித்து வாங்கியதைப் பிறகு குறை சொல்லித் திருப்புவதும் நியாயமல்ல. எனவே ரசீதில் ஒரு வரி எழுதுங்கள்: "இடப்பக்கச் சக்கரம் ஆடுகிறது, பார்த்து வாங்கினார்." இரு தரப்பாருக்கும் அது பாதுகாப்பு. உண்மை பேசி, உள்ளதை விளக்கி விற்றால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நாயக வாக்கு.

இன்னொன்று. சிங்கப்பூர் சுங்கை ரோட்டில் நெடுங்காலம் நடந்த பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10-ல் மூடப்பட்டது. அதற்குத் "திருட்டுச் சந்தை" என்றே ஒரு பெயர் இருந்தது. எந்தச் சந்தையானாலும், திருட்டுச் சாமான் என்று தெரிந்து வாங்குவது ஹராம். புத்தம்புதுத் தள்ளுவண்டி கால் விலைக்குக் கிடைத்தால் விற்பவரை நாலு கேள்வி கேளுங்கள்.

மூன்றாம் பாடம்: பிள்ளையின் உயிர்

1. பாச்சை உருண்டை. பழைய துணியைப் பெட்டியில் வைக்கும்போது நாப்தலீன் உருண்டை போடுவது நம் வீடுகளில் வழக்கம். ஜி-6-பி-டி என்னும் சத்துக் குறைவுடன் சில பிள்ளைகள் பிறக்கின்றன. ஆண் பிள்ளைகளில் இது அதிகம். அவ்வகைப் பிள்ளைக்கு நாப்தலீன் வாடையே இரத்த அணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கி, மூளையைக் கெடுக்கக்கூடும். இதைக் கண்டறியவே சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பரிசோதனை நடந்து வருகிறது. ஆகவே உருண்டை வாடை வீசும் துணியைக் கைக்குழந்தைக்கு உடுத்தக் கூடாது. விற்கவோ கொடுக்கவோ வைத்திருக்கும் குழந்தைத் துணியில் உருண்டை போடவும் கூடாது.

2. கார் ஆசனம். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களில் இது கட்டாயமாக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவருக்குத் தகுந்த ஆசனம் வேண்டும். பழையதை வாங்கினால், ஆரஞ்சு நிறச் சீட்டில் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும், ஆர்-44 அல்லது ஆர்-129 என்னும் எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். வார், கொக்கி, தயாரித்த தேதி ஆகியவற்றையும் பாருங்கள். விபத்தில் பட்டதா என்று கேளுங்கள். விபத்தில் பட்ட ஆசனம் வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்தாலும் உள்ளே விரிசல் கண்டிருக்கக்கூடும். வரலாறு தெரிந்தவரிடமன்றி இதை வாங்க வேண்டாம்.

3. கட்டில். கம்பிகளுக்கு இடையே சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிள்ளையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பக்கப் பலகை கீழிறங்கும் கட்டிலில் பிள்ளைகள் சிக்கி இறந்தபடியால், அமெரிக்காவில் 2011 ஜூன் முதல் அவ்வகையைப் புதிதாகவோ பழையதாகவோ விற்பது தடுக்கப்பட்டது. நம் வீடுகளில் தொங்கும் புவாயான் தொட்டிலின் சுருள்கம்பியையும் கொக்கியையும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள். தேய்ந்த கம்பி சொல்லிக்கொண்டு அறுவதில்லை.

4. விளையாட்டுச் சாமான். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, கழிவறைக் காகிதச் சுருளின் நடுக்குழாயில் நுழையும் எதையும் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். பொத்தான் பாட்டரி விழுங்கப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். எனவே பாட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். சிறு காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைக்கும். வர்ணம் உரியும் பழைய மரச் சாமானில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் பிள்ளையின் மூளைக்கு விஷம்.

நான்காம் பாடம்: எதை விற்கக் கூடாது, எதைக் கொடுக்கக் கூடாது

அய்பைச் சொல்லிவிட்டால் எதையும் விற்கலாமா என்று கேட்கலாம். கிழிந்த சட்டையைச் சொல்லி விற்கலாம். அதனால் யாரும் சாகமாட்டார்கள். விபத்தில் பட்ட கார் ஆசனமும் இடைவெளி அகன்ற கட்டிலும் அப்படியல்ல. பேரம் பேசி ஒப்புக்கொண்டவர் தகப்பனார். ஆபத்தைச் சுமப்பதோ பேசத் தெரியாத பிள்ளை. பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த விதி. எனவே அத்தகைய சாமானின் வாரை வெட்டி, சட்டத்தை உடைத்து, வேறொருவர் எடுக்க முடியாதபடி எறிந்துவிடுங்கள். முதல் போகிறதே என்று வருந்த வேண்டாம்.

தருமத்துக்கும் இதே அளவுகோல்தான். நமக்கு யாரேனும் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டல்லாது வாங்கமாட்டோமே, அத்தகைய மட்டமானதைத் தேடித் தருமம் செய்யாதீர்கள் என்று பகரா சூராவின் 267-ஆம் வசனம் போதிக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அனுப்பும் மூட்டையைக் கட்டுமுன், இதை நம் பேரப்பிள்ளைக்கு உடுத்துவோமா, இந்தக் கட்டிலில் நம் பேரனைப் படுக்க வைப்போமா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும். வேண்டாம் என்று மனம் சொன்னால் அது தருமமூட்டைக்கும் ஆகாது, கடைத்தட்டுக்கும் ஆகாது.

வல்ல நாயன் நம் வியாபாரத்தில் ஹலாலையும் பரக்கத்தையும் தந்து, நம் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் காத்தருள்வானாக. ஆமீன்.