கொல்லிமலைச் சாமையும் உரலும்

நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையின் மேட்டுநிலம் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் மட்டும் 70 உள்ளன. இங்கு மிகுதியாக வசிப்போர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தாரென்று எண்ணுதல் தவறு. இவர்களுடைய பாஷை தமிழே. பள்ளங்களில் நெல்லும், சரிவான கொல்லைகளில் சாமை, தினை, கேழ்வரகும், மர நிழலில் மிளகும் காப்பியும் இவர்களுடைய சாகுபடியாகும்.

இவற்றுள் சாமையே நெடுங்காலம் முக்கிய உணவாக இருந்தது. கோடைமழைக்குப்பின் உழுது விதைத்தால், உரமின்றியும் மெலிந்த சரிவு மண்ணில் விளையும். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலசாமை, பெருஞ்சாமை என இதில் பல வகைகள் உண்டு. குறுகிய வயதுள்ள வகை பஞ்ச மாதத்தில் முந்திக் கைகொடுக்கும். பெருஞ்சாமை நீண்ட வயதுடையது. ஒரு குடும்பம் இரண்டு வகைகளைக் கலவாமல் வைத்திருந்ததன் காரணம் இதுவே.

ஆயினும் விளைந்த சாமை உடனே சோறாவதில்லை. அதன் உமி மணியை இறுகப் பற்றியிருப்பது. வெயிலில் காயவைத்து, உரலிலிட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தவேண்டும். இவ்வேலை முழுவதும் பெண்களைச் சேர்ந்தது. விடியுமுன் உரலடியில் நிற்பவள், பின்பு தண்ணீர் சுமந்து, விறகு கொணர்ந்து, களைவெட்டவும் செல்லவேண்டும். கேழ்வரகிற்கோ இத்தொல்லையில்லை, திரிகையில் இட்டவுடன் மாவாகும். சாமை குறைந்ததற்கு மண்ணையும் மழையையும் காரணங் கூறுவோர் உரலை மறந்துவிடுகின்றனர்.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறிற்று. அது ரொக்கம் தந்தது. அந்த ரொக்கத்திற்கும் நியாயவிலைக் கடை அரிசிக்கும் முன் உரல் தோற்றது வியப்பன்று. ஆனால் மரவள்ளி ஏறக்குறைய பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்வதோடு, கிழங்கு பறிக்கும்போது சரிவின் மண்ணையும் கிளறி விடுகிறது. அடுத்த மழை அதை ஓடைக்குக் கொண்டுசெல்கிறது. விலை ஆலைக்காரர் கையில் இருப்பதால், இறங்கிய ஆண்டில் குடியானவனுக்கு வீட்டில் தானியமும் இல்லை, கையில் பணமும் இல்லை.

இதினும் பெரிய நஷ்டம் விதையைப் பற்றியது. சாமை விதை வைத்திருப்பதால் மட்டும் பிழைப்பதன்று. சில ஆண்டு விதைக்காதுவிட்டால் முளைப்புத்திறன் கெடும். முன்பு இழந்தவன் அண்டை வீட்டில் கடன் வாங்கினான். அண்டைவீட்டாரும் விட்டுவிட்டால் அவ்வகை அந்நாட்டிலேயே அற்றுப்போகும்.

1990-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி முதல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் வேலை செய்து வருகிறது. கிராம விதை வங்கிகள் ஏற்பட்டன. விதை பெற்றவர் அறுவடைக்குப்பின் சற்று மிகுதியாகத் திருப்பித் தருவது முறை. பயன் தந்த மற்றொன்று உமி நீக்கும் சிறு இயந்திரம். நெல் ஆலையில் சாமை மணி நொறுங்கிவிடுமாதலால், சிறுதானியத்திற்கேற்ற இயந்திரங்கள் பெண்கள் குழுக்களிடம் ஒப்புவிக்கப்பட்டன. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் பட்டணத்தார் சாமையை மருந்தைப்போல் வாங்குகின்றனர். மலையில் அது வெறும் சோறே.

சமவெளியில் மானாவாரி நிலமுடையோரும் சாமையைச் சாகுபடி செய்யலாம். கைவிதைப்பிற்கு ஏக்கருக்கு 5 கிலோகிராம் விதை பிடிக்கும். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விதைத்தால் 4 கிலோகிராம் போதும், களையெடுப்பதும் எளிது. ஆனால் உமி நீக்கும் இயந்திரம் எட்டும் தூரத்தில் உண்டா என்பதை முதலில் விசாரித்துக்கொள்க.

கிராம அதிகாரிகளுக்கு ஒன்று. அடங்கலில் ‘சாமை’ என்று மட்டும் எழுதப்படுவதால், எந்த வகை ஒழிந்தது என்பது கணக்கிற்கு எட்டுவதில்லை. பயிராய்வுக்குச் செல்லும்போது வகையின் பெயரையும், விதை வைத்திருப்பவர் பெயரையும் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், விதை தேடி வருபவருக்கு வீடு காட்டலாம்.