வரப்பும் வழக்கும்: எல்லைத் தகராறுகளைத் தீர்க்கும் வழி

கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் உழவு தொடங்கும்போது வரப்பைச் செதுக்குவது நாஞ்சில் நாட்டு வழக்கம். ஒவ்வொரு பூவிலும் ஓர் அங்குலம் செதுக்கினால், ஆறு ஆண்டுகளில் வரப்பு ஓர் அடி நகர்ந்துவிடும். வரப்பின் நீளம் 200 அடியாயின், கைமாறும் நிலம் அரை சென்ட்டுக்கும் குறைவே. ஆயினும் அதன் பொருட்டு இரு குடும்பங்கள் பகை கொள்வதும், வழக்குச் செலவுக்காக மீதி நிலத்தை ஈடு வைப்பதும் நாம் காணாதவை அல்ல. நெசவாளர் தெருக்களில் வரப்பின் இடத்தில் பொதுச்சுவரும் இறவாரத் தண்ணீரும் நிற்கின்றன, தகராறு ஒன்றே.

தகராறு எழுவது ஏன்?

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முற்பட்ட திருவிதாங்கூர் ஆவணங்கள் கொல்லம் ஆண்டைக் கொண்டவை. பல மலையாளத்தில் எழுதப்பட்டவை. கொல்லம் ஆண்டுடன், ஆவணி முதல் டிசம்பர் இறுதிவரை 824-ஐயும், அதன்பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். மேலும், “கிழக்கே இன்னார் விளை, தெற்கே இன்னார் வயல்” என்று ஆட்பெயரால் எல்லை குறித்த பத்திரங்கள் பல உள. அவர்கள் மறைந்து, நிலமும் கைமாறியபின், அச்சொற்களுக்குப் பொருள் காண்பது அரிதாகிறது.

செய்ய வேண்டுவன

1. முதலில் தாய்ப்பத்திரம், நடப்புப் பத்திரம், பட்டா, புலப்படம் ஆகியவற்றை இருவரும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும். பட்டா வருவாய்த்துறைப் பதிவேயன்றி, அது மட்டுமே உரிமைக்கு முடிவான சான்றாகாது. பத்திரத்தில் கண்ட பரப்பும் நான்கெல்லையும் முரண்படின், பொதுவாக நான்கெல்லையே மேலோங்கும். பழைய பத்திரம் சென்ட்டிலும் புதிய பதிவேடு ஆரிலும் இருக்கும். ஓர் ஆர் ஏறத்தாழ 2.47 சென்ட்.

2. அதன்பின் நில அளவைக்கு உரிய கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் அண்டை நிலத்தார் உடனிருத்தல் நன்று. எல்லைக்கல்லைத் தாமே பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றமாகும். நில அளவர் எல்லையைக் காட்டுவார். உரிமை யாருக்கு என்பதை உரிமையியல் நீதிமன்றமே முடிவு செய்யும்.

3. இணக்கம் ஏற்பட்டால் அதனை எழுத்தில் கொணர்க. நிலத்தின் ஒரு பகுதி ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லுமாயின், பத்திரம் எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். வெள்ளைத்தாளில் இட்ட கையொப்பம் பிள்ளைகளின் காலத்தில் துணை நில்லாது.

4. இணக்கம் ஏற்படாவிடின், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மக்கள் நீதிமன்றத்தை நாடலாம். அங்கு இருவரும் ஒப்பிப் பெறும் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகர். அதன்மேல் மேல்முறையீடு இல்லை.

“பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று வாளாவிருத்தலும் தகாது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, பிறர் தமக்கே உரியதென வெளிப்படையாகவும் எதிராகவும் 12 ஆண்டுகள் இடையறாது அனுபவித்தால், உரியவர் நிலத்தை மீட்கும் உரிமையையே இழக்க நேரிடும்.

சங்கத்தின் பங்கு

1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவாளரிடம் செல்லக்கூடியவை, சங்கத்தின் நிர்வாகத்தையும் அலுவலையும் பற்றிய தகராறுகளே. இரு உறுப்பினரின் வரப்புத் தகராறு அதில் அடங்காது. ஆகவே சங்கத் தலைவர் தீர்ப்பளிக்க இயலாது. ஆனால் இருவரையும் ஒரு பாயில் அமர்த்திப் பேசவைக்க இயலும். நில ஈட்டின்பேரில் கடன் கேட்கும் உறுப்பினருக்கு எல்லைத் தெளிவு முதல் தேவையாதலின், இதில் சங்கத்திற்கும் நலன் உண்டு.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. உம் நிலத்தின் நான்கெல்லையிலும் இன்று உள்ளவர் யாவர்?
2. எல்லைக்கற்கள் அனைத்தும் கண்ணுக்குத் தெரிகின்றனவா?
3. உம் தாய்ப்பத்திரத்தின் கொல்லம் ஆண்டுக்கு நேரான ஆங்கில ஆண்டு யாது?