முகாம் இளைஞரை வேலைக்கு வைக்கலாமா?

திண்டிவனத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். கீழ்ப்புத்துப்பட்டு அகதிகள் முகாமைச் சேர்ந்த இலங்கைத் தமிழ் இளைஞர் ஒருவர் வேலை கேட்கிறார். வைத்தால் சிக்கல் வருமா?
- ஒரு வாசகர், திண்டிவனம்

தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். முகாமில் பதிவு பெற்றவர்கள் வெளியே வேலைக்குப் போய்வருவது நெடுங்காலமாக நடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் பெயின்ட் அடிக்கும் வேலையில் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். முகாம் அடையாள அட்டை, ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். மாதம் ஒருமுறை வருவாய்த் துறையினர் முகாமில் ஆள் சரிபார்ப்பார்கள். அன்று மட்டும் அவசியம் விடுப்பு கொடுங்கள். தவறினால் அரசு தரும் உதவித்தொகைக்குச் சிக்கல். 2021-இல் உயர்த்திய பிறகும் அந்தத் தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய்தான். அதை வைத்து யார் குடும்பம் நடத்த முடியும்?

2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. அந்த அச்சமும் வேண்டாம். குடியுரிமைதான் இன்னும் எட்டவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

பத்து லட்சத்துக்கும் மேலான அகதிகளைத் தாங்கும் உகாண்டா, 2006-லேயே சட்டம் போட்டு வேலை செய்யும் உரிமை தந்தது. சிப்காட் வளரும் திண்டிவனத்தில் ஒருவருக்கு இடமில்லாமலா போகும்? ஒன்று மட்டும்: முகாம்காரர் என்பதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள். மற்றவர்களுக்குத் தருவதையே அவருக்கும் கொடுங்கள்.