நம் ஊர் வரைபடத்தைப் பிழையில்லாமல் பேணுவது எப்படி?

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுமக்களே இணைய வரைபடத்தில் குறித்தார்கள். அதற்கு அடித்தளமாக இருந்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் இது. கணக்கு வைத்திருக்கும் எவரும் எந்த ஊரையும் திருத்தலாம். முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தரும் குழு எதுவும் கிடையாது. சேமித்த சில நிமிடங்களில் திருத்தம் வரைபடத்தில் ஏறிவிடும். ஆகவே துல்லியம் முழுக்க முழுக்கத் திருத்துகிறவர்களின் பொறுப்பு.

முதலில் உங்கள் பணியின் எல்லையைச் சுருக்குங்கள். மாவட்டம் முழுவதையும் சரிசெய்யப் புறப்படுகிறவரின் வேலையைவிட, தன் வார்டை மட்டும் எடுத்துக்கொள்கிறவரின் வேலைதான் நிலைக்கிறது. திரையைத் திறக்கும் முன் தெருவில் நடந்து வாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி இருந்தால், ‘இந்தத் தெரு ஒருவழியா?’, ‘இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?’ என்று நின்ற இடத்திலேயே கேட்டுப் பதிலைச் சேர்த்துக்கொள்ளும். பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். மாடிக் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் பிசகும். என்ன இருக்கிறது என்பதற்கு உங்கள் கண்ணையும், எங்கே இருக்கிறது என்பதற்குச் செயற்கைக்கோள் படத்தையும் நம்புங்கள்.

அந்தப் படத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. பிங், எஸ்ரி போன்ற சேவைகளின் படங்கள் உண்மையான இடத்திலிருந்து சில மீட்டர் தள்ளி அமைவதுண்டு. பலர் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்களை, வரைபடத்தைத் திருத்தும் எடிட்டரில் மேலே வரவழைத்து, சாலையின் நடுவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் பின்னணிப் படத்தை நகர்த்துங்கள். ஏற்கெனவே வரைந்திருக்கும் வீடுகளையும் தெருக்களையும் படத்துக்கு ஏற்ப இழுக்காதீர்கள்.

நம் ஊர்களில் அதிகம் பிழையாவது ஏரிதான். கோடையில் எடுத்த படத்தில் வெறும் செம்மண் தரையும் சீமைக் கருவேலமும்தான் தெரியும். தொலைவில் இருந்து வரைகிறவர் அதைப் புதர்க்காடு என்றோ மைதானம் என்றோ குறித்துவிடுகிறார். படத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கம் வளைந்து செல்லும் கரை இருக்கிறதா என்று பாருங்கள். கரையை ஒட்டி மதகும், ஓர் ஓரத்தில் மிகைநீர் வழியும் கலங்கலும், மதகுக்குக் கீழே வாய்க்காலும் வயலும் இருந்தால் அது ஏரி. வேறு பருவத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். கரையில் ஆடு மேய்ப்பவரிடம் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேளுங்கள். முழுக்கொள்ளளவில் நீர் நிற்கும் எல்லையை வரைந்து, ‘ஆண்டு முழுதும் நீர் இராது’ என்பதற்கான டேக்கையும் (பண்பைச் சொல்லும் குறியீட்டையும்) சேருங்கள். கரை, மதகு, வாய்க்கால் எல்லாவற்றையும் தனித்தனியே குறியுங்கள்.

ஏரிக்குள் வீடுகள் வந்திருந்தால் அவற்றையும் வரையத்தான் வேண்டும். ஆவணத்தில் இருக்கும் பழைய எல்லை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், இந்த வரைபடம் காட்ட வேண்டியது இன்று தரையில் இருப்பதை. ஏரியை மீட்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் உண்மை நிலவரம்தான் பயன்படும்.

பெயர்களைப் பலகையில் உள்ளபடி எழுதுங்கள். தமிழ்ப் பெயருக்குத் தனிப் புலம் உண்டு; ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து ஊகித்து அதை நிரப்பினால் ளகரம் லகரமாகிவிடும். அண்ணா சாலையை இன்றும் மவுண்ட் ரோடு என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரை அழிக்காமல் மாற்றுப்பெயர்ப் புலத்தில் வையுங்கள். நெடுஞ்சாலை எண்களிலும் கவனம் வேண்டும். 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வந்தன. மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் பழைய 7 இப்போது 44. பழைய எண்ணுக்கும் ஒரு புலம் இருக்கிறது.

கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரோ எல்லையோ எடுக்கவே கூடாது. அதன் உரிமம் இடம் தராது; கண்டுபிடிக்கப்பட்டால் அந்தத் திருத்தமும் அதன்மேல் கட்டிய வேலையும் நீக்கப்படும். அரசு இணையதளத் தகவலும் உரிமம் அனுமதித்தால் மட்டுமே.

தெருக்களின் இணைப்பையும் பாருங்கள். இரண்டு தெருக்கள் கண்ணுக்குச் சேர்ந்திருப்பது போலத் தெரியும்; ஆனால் முனைகள் இணைந்திருக்காது. வழிகாட்டும் செயலி அங்கே பாதை இல்லை என்று ஊரைச் சுற்ற வைக்கும். அருகில் போய்ப் பார்த்து ஒரே புள்ளியில் இணையுங்கள். மேம்பாலமும் கீழ்ச்சாலையும் வெட்டும் இடத்தில் மட்டும் இணைக்கக் கூடாது. அங்கே பாலம் என்ற டேக்கும் அடுக்கு எண்ணும் வேண்டும்.

சேமிக்கும் முன் மாற்றங்களின் பட்டியலை ஒருமுறை படியுங்கள். படத்தை நகர்த்தும்போது கைதவறி ஒரு சாலை இழுபட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஒரு தடவையில் சேமிக்கும் திருத்தங்களின் தொகுப்பான சேஞ்ச்செட்டைச் சிறியதாக வைத்து, குறிப்பில் ‘அப்டேட்’ என்று எழுதாமல், ‘சந்தைத் தெரு ஒருவழியானது, நேரில் பார்த்தேன்’ என்று எழுதுங்கள். பின்னால் சரிபார்க்கிறவருக்குக் கிடைக்கும் முக்கியமான சாட்சி அதுதான்.

பிறகு கண்காணிப்பு. ஓஎஸ்எம்சா தளத்தில் உங்கள் பகுதியை வரையறுத்துவிட்டால் அங்கு நடக்கும் திருத்தங்களைப் பார்க்கலாம். ஆஸ்மோஸ் தளம் சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்டும். அது எச்சரிக்கைதான், தீர்ப்பு அல்ல. உதாரணமாக, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் கீழே வண்டிகள் போகின்றன. கருவியோ ‘சாலை கட்டடத்தை வெட்டுகிறது’ என்று சொல்லக்கூடும். அதை நம்பிச் சாலையை வெட்டினால் தெருவே அறுந்துபோகும். கட்டடத்துக்குள் செல்லும் வழி என்ற டேக்கை இடுவதுதான் சரி. எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக உட்கார்ந்த இடத்திலிருந்து ‘திருத்துவது’ வரைபடத்துக்குப் பெரிய கேடு.

அடுத்தவர் பிழையைக் கண்டால் உடனே அழிக்காதீர்கள். அந்த இடத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று பாருங்கள். சேஞ்ச்செட்டின் கீழ் மரியாதையாகக் கேளுங்கள், சில நாள் பொறுங்கள். பெரும்பாலும் புதியவராகத்தான் இருப்பார். ஒரு நல்ல பதில் அவரை நிலையான பங்களிப்பாளர் ஆக்கிவிடும். வேண்டுமென்றே சிதைப்பவர் தொடர்ந்தால் அதைக் கவனிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுப் பணிக்குழு இருக்கிறது.

கடைசியாக ஒன்று: சரிபார்த்த தேதிக்கென்றே ஒரு டேக் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தீர்கள், எல்லாம் சரியாகவே இருக்கிறது என்றாலும் அந்தத் தேதியை இட்டுவிட்டு வாருங்கள். அடுத்து வருபவர் எங்கே தொடங்க வேண்டும் என்பது அதில் தெரியும்.