கையில் வெண்ணெய், நெய்க்கு அலைச்சல்!



"எண்ணெய்க் கிணறு இருக்கிற நாட்டுக்கு என்னப்பா கவலை? தோண்டினா காசு!" என்று ஹாஸ்டல் மெஸ்ஸில் பேசாதவர் நம்மில் உண்டா? அந்தப் பேச்சுக்குப் பதிலாக நைஜீரியா நாட்டை இங்கே ஒரு பாடமாக எடுத்துக்கொள்கிறேன். பாடம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பரீட்சை கிடையாது! ஆனால் நாளை பிளாண்ட்டில் வேலைக்கு நிற்கப்போகிற நமக்கு வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

1. முதல் முடிச்சு

நைஜர் ஆற்றின் டெல்டாவில் ஒலோய்பிரி என்று ஓர் ஊர். 1956-இல் அங்கே எண்ணெய் கிடைத்தது. 1958-இல் ஏற்றுமதி ஆரம்பம். 1960-இல் நாட்டுக்குச் சுதந்திரம். 1973-இல் உலகச் சந்தையில் விலை ஏறியதும் பணம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அரசாங்க வருமானத்தில் பெரும்பங்கு எண்ணெயிலிருந்தே வந்தது.

முடிச்சு இங்கேதான் விழுந்தது. ஜனங்களிடம் வரி வாங்கி நடக்கிற அரசாங்கம் ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். எண்ணெய்க் காசில் நடக்கிற அரசாங்கத்துக்கு அந்தப் பயம் குறைவு. வேலியே பயிரை மேய ஆரம்பித்தது. 1993 முதல் 1998 வரை ஆண்ட ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா வெளிநாட்டு வங்கிகளில் பதுக்கிய பணம் பல நூறு கோடி டாலர். அதில் சுமார் 32 கோடி டாலரைத் திருப்பித் தர 2017-இல் சுவிட்சர்லாந்து ஒப்பந்தம் செய்தது. திருட்டு நடந்து இருபது வருஷம் கழித்து!

எண்ணெய் எடுத்த மண்ணின் கதி என்ன? ஒகோனி மக்களுக்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் இன்னும் எட்டுப் பேரும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அங்கே கசிந்த எண்ணெயைச் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருஷம் ஆகலாம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் சொன்னது.

2. ஓடாத ஆலைகள்

அரசுக்கு நான்கு சுத்திகரிப்பு ஆலைகள். போர்ட் ஹார்கோர்ட்டில் இரண்டு, வாரியில் ஒன்று, கடுனாவில் ஒன்று. மொத்தத் திறன் நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய். ஆனால் வருஷக்கணக்கில் இவை பாதிகூட ஓடவில்லை. சுத்திகரிப்பு ஆலையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முழுக்க நிறுத்தி, பிரித்து, பழுது பார்க்க வேண்டும் என்பது மெக்கானிக்கல், கெமிக்கல் நண்பர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது ஒழுங்காக நடக்கவில்லை. கச்சா எண்ணெயைக் கப்பலில் அனுப்பிவிட்டு, பெட்ரோலைக் கப்பலில் வாங்கினார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்!

போர்ட் ஹார்கோர்ட் ஆலையைச் சீர்செய்ய 2021-இல் 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2024 நவம்பரில் ஓடுகிறது என்றார்கள். 2025 மே மாதம் மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

3. மானியம் என்னும் ஓட்டைக் குடம்

இறக்குமதி விலை அதிகம், பங்கில் விற்கும் விலை குறைவு. இடையில் உள்ள வித்தியாசத்தை அரசு கொடுத்தது. லிட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. அப்படியென்றால் லிட்டரைக் கூட்டி எழுதினால்? வராத பெட்ரோலுக்கும் பணம்! 2012-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்து, சுமார் 680 கோடி டாலர் மோசடி என்று அறிக்கை கொடுத்தது.

இனிதான் வேடிக்கை. அந்தக் குழுவின் தலைவர் ஃபாரூக் லாவானே ஒரு எண்ணெய் வியாபாரியிடம் லஞ்சம் வாங்கியதாகச் சிக்கினார். 2021-இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. எண்ணெய்ப் பணத்தில் 2,000 கோடி டாலருக்குக் கணக்கு இல்லை என்று சொன்ன மத்திய வங்கி கவர்னர் சனூசியோ, 2014 பிப்ரவரியில் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். கேட்டவருக்கு இந்த கதி, விசாரித்தவர் அந்த லட்சணம் என்றால் ஜனங்கள் யாரைத்தான் நம்புவார்கள்?

4. நம்பிக்கை போனால்...

2012 ஜனவரி முதல் தேதி மானியம் ரத்து. 65 நைரா விற்ற பெட்ரோல் ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நாடே தெருவுக்கு வந்தது, வேலைநிறுத்தம் நடந்தது, விலையை 97 நைராவுக்கு இறக்கிய பிறகே அடங்கியது.

"மானியம் திருடர்களுக்குத்தானே போகுது, நிறுத்தினா நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப்படி சரிதான். ஆனால் அந்த ஊர்க்காரன் பக்கம் நின்று பாருங்கள். மின்சாரம் சரியாக வராது, ரோடு கிடையாது. தன் நாட்டு எண்ணெயில் அவன் கைக்கு எட்டிய ஒரே பலன் மலிவான பெட்ரோல். அதையும் எடுத்துவிட்டு, "மிச்சமாகும் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டுவோம்" என்றால், "போன பணம் எங்கேய்யா?" என்றுதானே கேட்பான்? 2023 மே 29 அன்று அதிபர் டினுபு பதவியேற்றதும் மானியம் போயிற்று. 200 நைராவுக்குள் இருந்த லிட்டர் சில நாளில் 500-ஐ ஒட்டியது. நம்பிக்கை போன இடத்தில் சரியான முடிவுகூடத் தண்டனையாகத்தான் தெரியும்.

5. இன்னொரு நாடு

நார்வேயில் 1969-இல் எண்ணெய் கிடைத்தது. 1990-இல் சட்டம் போட்டு நிதி அமைத்து, 1996-இல் முதல் பணத்தைப் போட்டார்கள். முதலைத் தொடாமல், எதிர்பார்க்கும் வருமான அளவுக்கே எடுத்துச் செலவழிப்பது என்று விதி வைத்தார்கள். நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: எண்ணெய் வருவதற்கு முன்பே அங்கே வரியும், தணிக்கையும், கேள்வி கேட்கும் பழக்கமும் இருந்தன. கணக்கு முதலில், காசு பிறகு!

6. நமக்கு என்ன?

நண்பர்களே, இந்தக் கதையில் மந்திரிகள் மட்டுமா இருக்கிறார்கள்? டாங்கில் இறங்கிய லிட்டரை அளக்க ஒரு ஆள் வேண்டும். மீட்டரைப் பார்த்து எழுத ஒரு ஆள் வேண்டும். "பராமரிப்பு முடிந்தது" என்று கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். எந்த நாட்டிலும் அந்த நாற்காலி பெரும்பாலும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரனுக்குத்தான். ஓடாத பம்ப்பை ஓடியதாக லாக் புக்கில் எழுதச் சொல்லி மேலிருந்து ஒரு குரல் வரலாம். அன்று நாம் எழுதப்போகும் ஒரு வரியில்தான் ஒரு ஆலையின் ஆயுளும், ஊர் ஜனங்களின் நம்பிக்கையும் இருக்கின்றன.

அளந்ததை எழுதுவோம், எழுதியதைக் காட்டுவோம்!